வேங்கடத்து மரங்களும் லத்தீன் வேற்றுமையும்

திருமலையில் தொடங்கித் தலக்கோனா அருவியையும் தாண்டிப் போகிற சேஷாசலக் காடு 2010இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 4,756 சதுர கிலோமீட்டர். அங்கே நிற்கிற மரம் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்று பெயர் உண்டு. செம்மரம் என்கிறோம் நாம். எர்ரசந்தனம் என்கிறார்கள் தெலுங்கர். டெரோகார்பஸ் சாண்டலினஸ் என்று எழுதுகிறார்கள் தாவரவியலார். முதல் இரண்டையும் யாரும் மனப்பாடம் செய்வதில்லை. மூன்றாவதைத்தான் கல்லூரிப் பிள்ளைகள் இரவெல்லாம் உருப்போடுகிறார்கள். உருப்போட்ட பிறகும் சாண்டலினஸா, சாண்டலினாவா, சாண்டலினமா என்று தேர்வு அறையில் தடுமாறுகிறார்கள். தடுமாற்றம் எப்போதும் சொல்லின் ஈற்றில்தான் வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த ஈறு ஓர் இலக்கணக் குறி. சித்தூரிலும் திருப்பதியிலும் பள்ளியில் தமிழோ தெலுங்கோ சமஸ்கிருதமோ படித்த பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த இலக்கணத்தின் குறி. லத்தீன் தாவரப் பெயரை நம் வகுப்புகள் தொகைநிலைத் தொடராக விரித்துச் சொல்லித்தர வேண்டும், வெறும் ஒலிக்கோவையாக விட்டுவிடக் கூடாது என்பதே இன்றைக்கு என் வாதம்.

முதலில் ஒரு பெயர்ச்சொல்லை எடுத்து, அதன் வடிவங்களைப் பார்த்துவிடுவோம். சந்தன மரத்தின் பேரினப் பெயர் சாண்டலம். எழுவாயாக நிற்கும்போது சாண்டலம். ‘சந்தனத்தை’ என்று சொல்ல வேண்டுமானாலும் அதே சாண்டலம். ‘சந்தனத்தின்’ என்றால் சாண்டலி. ‘சந்தனத்துக்கு’ என்றால் சாண்டலோ. ‘சந்தனத்தால்’, ‘சந்தனத்திலிருந்து’ இரண்டுக்கும் மறுபடி அதே சாண்டலோ. பன்மையில் சாண்டலா, சாண்டலோரம், சாண்டலிஸ். விளியையும் சேர்த்து லத்தீனுக்கு வழக்கமாக ஆறு வேற்றுமை சொல்வார்கள். தொல்காப்பியர் வேற்றுமை ஏழு என்ற கொள்கையைச் சொல்லி, விளியைக் கூட்டி எட்டாக்குகிறார். எண்ணிக்கையில் இருக்கும் வேறுபாடு பெரிதாகத் தோன்றினாலும், உள்ளே போய்ப் பார்த்தால் நம்முடைய மூன்றாம் வேற்றுமையின் கருவிப்பொருளையும் ஐந்தாம் வேற்றுமையின் நீங்கற்பொருளையும் ஏழாம் வேற்றுமையின் இடப்பொருளையும் லத்தீன் பெரும்பாலும் ஒரே உருபில் அடக்கிவிட்டிருக்கிறது, அவ்வளவுதான். எழுவாய்க்கும் செயப்படுபொருளுக்கும் ஒரே வடிவம் என்பதும் நமக்குப் புதிதல்ல. ‘சந்தனம் அரைத்தார்கள்’ என்கிறோம். அஃறிணைப் பெயரில் ஐ உருபு வராமலே பொருள் விளங்கிவிடுகிறது. திருப்பதி தேசிய சமஸ்கிருதப் பல்கலைக்கழகத்தின் பக்கம் போனால் ‘பலம், பலே, பலானி’ என்று முதல் வேற்றுமைக்கும் இரண்டாம் வேற்றுமைக்கும் ஒரே வரியைச் சொல்லும் பிள்ளைகள் கிடைப்பார்கள். அந்த ‘அம்’ ஈறும் லத்தீன் சாண்டலத்தின் ‘அம்’ ஈறும் ஒரே குடும்பத்துப் பிறப்பு. ‘மரம்’, ‘குளம்’ என்று தமிழிலும் ‘அம்’ இருக்கிறதே என்று உடனே உறவு கொண்டாட வேண்டாம். அது வேறு வீட்டுக் கதை.

லத்தீனும் இந்த வட்டாரமும் சந்திப்பது இது முதல்முறை அல்ல. இரண்டாம் வேங்கடபதிராயர் அரசு செலுத்திய சந்திரகிரிக்கு 1598 வாக்கிலேயே ஏசு சபைப் பாதிரியார்கள் வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு, தரங்கம்பாடியில் இருந்த சீகன்பால்கு எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. அது எழுதப்பட்ட மொழி லத்தீன். வீரமாமுனிவரும் கொடுந்தமிழுக்கு இலக்கணம் எழுதியது லத்தீனில்தான். இவர்கள் தமிழ்ப் பெயர்ச்சொற்களை எடுத்து, தங்களுக்குப் பழகிய லத்தீன் வேற்றுமை வரிசையில் வைத்து ஐரோப்பியருக்கு விளக்கினார்கள். நான் கேட்பது அதற்கு எதிர்த்திசைப் பயணம்: லத்தீன் பெயரை நம் வேற்றுமை வரிசையில் வைத்து நம் பிள்ளைகளுக்கு விளக்குவது. அதே தரங்கம்பாடிக்கு 1768இல் மருத்துவராக வந்த கோனிக், லின்னேயஸிடம் படித்தவர். தென்னிந்தியச் செடிகளை ஐரோப்பாவுக்கு அனுப்பி வைத்தவர்களில் முக்கியமானவர். லின்னேயஸின் மகன் வெளியிட்ட துணைநூலில்தான் செம்மரத்துக்கு இன்றைய லத்தீன் பெயர் கிடைத்தது. அந்த நூல் வெளிவந்தது 1782இல்.

இரண்டு சொல் சேர்ந்த பெயருக்கு வருவோம். முன்சொல் பேரினம், அது எப்போதும் எழுவாய் வடிவத்தில் நிற்கும் ஒருமைப் பெயர்ச்சொல். பின்சொல் சிற்றினத்தைக் காட்டுவது. அது முன்சொல்லோடு எந்த உறவில் நிற்கிறது என்பதுதான் கேள்வி. தமிழில் இரண்டு பெயர் அடுத்தடுத்து வந்தால் உறவைக் காட்டும் உருபு மறைந்துவிடுகிறது. அதனால்தான் நம் இலக்கணத்தில் வேற்றுமைத்தொகை, பண்புத்தொகை, உவமைத்தொகை, இருபெயரொட்டுப் பண்புத்தொகை என்று இத்தனை பெயர் தேவைப்பட்டது. மறைந்ததை விரித்துப் பார்க்கிற பயிற்சி அது. லத்தீன் பெயரில் உருபு பெரும்பாலும் மறைவதில்லை, ஈற்றில் அப்படியே இருக்கிறது. விரித்துப் பார்க்கப் பழகிய பிள்ளைக்கு, விரித்தே எழுதப்பட்ட தொடர் எப்படிக் கடினமாகும்?

செம்மரத்தையே எடுத்துக்கொள்வோம். டெரோகார்பஸ் என்றால் இறகுக் கனி. காய் தட்டையாக, சுற்றிலும் மெல்லிய சிறகு கட்டினாற்போல் இருக்கும். அதைப் பார்த்து கிரேக்கச் சொற்களால் கட்டிய பெயர். சாண்டலினஸ் என்பதில் ‘இனஸ்’ என்ற விகுதி ‘போன்ற’ என்னும் பொருள் தருகிறது. சந்தனம் போன்ற இறகுக்கனி மரம். இப்போது தமிழில் இந்த மரத்துக்கு வழங்கும் இன்னொரு பெயரைப் பாருங்கள்: சந்தனவேங்கை. வேங்கை என்பது இதே பேரினத்தைச் சேர்ந்த டெரோகார்பஸ் மார்சுபியம். அந்த வேங்கைக்கு இது இனம் என்றும், சந்தனத்தை நினைவூட்டுவது என்றும் நம்மவர் கண்டு வைத்த பெயர் இது. பொருளிலும் அமைப்பிலும் லத்தீன் பெயரும் தமிழ்ப் பெயரும் ஒன்றே. சந்தனவேங்கை உவமைத்தொகை; சாண்டலினஸ் அதே தொகையின் விரி. உண்மையான சந்தனத்துக்கும் இதற்கும் தாவரக் குடும்பத்தில் தொடர்பே கிடையாது. சந்தனம் பக்கத்துச் செடிகளின் வேரில் உறிஞ்சிப் பிழைக்கும் அரை ஒட்டுண்ணி. செம்மரமோ அவரைக் குடும்பத்தது. ‘சந்தனமே’ என்னாமல் ‘சந்தனம் போன்ற’ என்று நிறுத்திய அந்தச் சிறு விகுதிக்குள் இந்த வேறுபாடு முழுவதும் இருக்கிறது.

பண்புச்சொல்லாக வரும் பின்சொல் முன்சொல்லின் பாலைப் பின்பற்ற வேண்டும் என்பது லத்தீன் விதி. டெரோகார்பஸ் ஆண்பால், எனவே சாண்டலினஸ். சாண்டலம் பெண்பாலும் அல்ல, ஆண்பாலும் அல்ல, நம் கணக்கில் ஒன்றன்பால். எனவே ‘வெண்மையான’ என்று சொல்ல வந்த லின்னேயஸ் சாண்டலம் ஆல்பம் என்றார். இங்கே தெல்லகரக்க என்று தெலுங்கில் சொல்லப்படும் கடுக்காய் இனத்து மரம் டெர்மினாலியா பாலிடா. டெர்மினாலியா பெண்பால், ஆகவே ‘வெளிறிய’ என்பது பாலிடா ஆயிற்று. அஸ், ஆ, அம் மூன்றும் ஒரே மலையில் பக்கம் பக்கமாக நிற்கின்றன. தமிழ்ப் பிள்ளைக்கு இது ‘நல்லவன், நல்லவள், நல்லது’. இன்னும் நெருங்கிப் பார்க்க ஒரு மரம் இருக்கிறது. மொகி என்று இந்தப் பக்கத்தில் சொல்லப்படும் நாவல் இனத்து மரம். ராபர்ட் வைட் முதலில் இதை யூஜீனியா என்ற பேரினத்தில் வைத்து யூஜீனியா ஆல்டர்னிஃபோலியா என்று பெயரிட்டார். இலைகள் எதிரெதிராக இல்லாமல் மாறி மாறி அமைந்தது என்று பொருள். பிறகு வால்பர்ஸ் அதை சைசீஜியம் பேரினத்துக்கு மாற்றினார். யூஜீனியா பெண்பால், சைசீஜியம் ஒன்றன்பால். அந்தக் கணமே ஆல்டர்னிஃபோலியா என்பது ஆல்டர்னிஃபோலியம் ஆனது. மரம் நகரவில்லை, இலை மாறவில்லை, ஈறு மட்டும் மாறியது. இலக்கணம் தெரியாதவருக்கு இவை இரண்டு பெயர்கள். தெரிந்தவருக்கு ஒரே சொல்லின் இரண்டு வடிவங்கள்.

அடுத்தது, என் பார்வையில் மிக அழகான வகை. அதே வேங்கையின் பெயரில் உள்ள மார்சுபியம் ‘பை’ என்று பொருள்படும் பெயர்ச்சொல். டெரோகார்பஸ் ஆண்பாலாயிற்றே, மார்சுபியஸ் என்றல்லவா வர வேண்டும் என்று கேட்கத் தோன்றும். வராது. ஏனெனில் அது பண்புச்சொல் இல்லை, இன்னொரு பெயர். இரண்டு பெயரும் ஒரு பொருளையே குறித்து ஒட்டி நிற்கின்றன. நம் இலக்கணத்தில் இதற்கு இருபெயரொட்டு என்று பெயர். பாடப்புத்தகங்களில் இதற்கு எடுத்துக்காட்டாகத் தருவது சாரைப்பாம்பையும் பனைமரத்தையும் போன்ற தொடர்களை; வேங்கைமரமும் அப்படித்தான். வரிசை மட்டும் தலைகீழ்: நமக்குச் சிறப்புப்பெயர் முன்னே, பொதுப்பெயர் பின்னே; லத்தீனில் பொதுப்பெயர் முன்னே. இந்த வகைப் பெயரில் பால் இயைபு வேண்டாம் என்பதால், எந்த மொழிச் சொல்லும் உடை மாற்றாமல் உள்ளே வந்துவிடலாம். இம்மலையின் தம்பகம் மரம் ராக்ஸ்பரோவின் கையில் ஷோரியா தும்பக்கையா ஆனது அப்படித்தான்; பின்சொல் உள்ளூர்ப் பெயரின் சாயல். இன்னும் துணிச்சலான எடுத்துக்காட்டு மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது. 2019இல் விவரிக்கப்பட்ட பல்லி இனங்களில் ஒன்றின் பெயர் திராவிடோகெக்கோ தொல்பல்லி. ‘தொல்பல்லி’ என்பதற்குப் பொருள் சொல்ல நமக்கு யாரும் தேவையில்லை.

மூன்றாம் வகை ஆறாம் வேற்றுமை. திருப்பதி, கடப்பை மலைகளில் மட்டும் வளரும் சைகஸ் செடி ஒன்று உண்டு. அதன் ஆண் கூம்புகளை நாட்டு மருந்துக்காக வெட்டுவது அதற்கு வந்த ஆபத்துகளில் ஒன்று. 1883இல் டையர் அதற்கு இட்ட பெயர் சைகஸ் பெட்டோமேயி. சென்னை மாகாணக் காட்டிலாகாவில் தலைமைக் காப்பாளராக இருந்த ரிச்சர்ட் ஹென்றி பெட்டோம் என்பவரின் பெயரோடு ‘இ’ சேர்ந்தது. ‘பெட்டோமுடைய’ என்று பொருள். மாகாளிக்கிழங்கு ஊறுகாய் போடுகிறவர்கள் பலருக்கு அந்தக் கிழங்கு இந்த மலைகளிலிருந்தும் வருகிறது என்பது தெரியும். அதன் பெயர் டெகலெபிஸ் ஹாமில்டோனியி. இங்கே ஈற்றில் இரண்டு ‘இ’. காரணம் எளிது. ஆணின் பெயர் ரோம எழுத்தில் ‘a’ அல்லாத உயிரிலோ ‘எர்’ என்றோ முடிந்தால் ஒரு ‘இ’. மற்ற மெய்களில் முடிந்தால் இரண்டு. நம் புணர்ச்சி விதிகளைப் பார்த்தவருக்கு இது ஒரு விதியா என்றே தோன்றும். பெண்ணின் பெயரானால் ‘ஏ’ ஒலி வரும்: தாவரவியலார் ஜானகி அம்மாளின் நினைவாக வைத்த பல்லிப் பெயர் திராவிடோகெக்கோ ஜானகியே. ஆறாம் வேற்றுமையில் பால் இயைபு கிடையாது என்பதையும் கவனிக்க வேண்டும். இம்மலைகளில் இண்டிகோஃபெரா பார்பரி என்ற அவுரி இனம் ஒன்று இருக்கிறது. கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி செய்த பார்பரின் பெயர்தான். அவர் பெயரிலேயே வட இந்தியக் கரும்பு ஒன்று சக்காரம் பார்பரி எனப்படுகிறது. இண்டிகோஃபெரா பெண்பால், சக்காரம் ஒன்றன்பால். பார்பரி இரண்டிலும் பார்பரியே. ‘ராமனுடைய வில்’, ‘ராமனுடைய அம்புகள்’ என்னும்போது ‘ராமனுடைய’ மாறுகிறதா?

ஆறாம் வேற்றுமை மனிதர்களோடு நிற்பதில்லை. சித்தூர்க்காரர்களுக்கு மாம்பழத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் தகாது. தோத்தாபுரியும் கூழ்த் தொழிற்சாலைகளும் இந்த மாவட்டத்தின் பிழைப்பு. மாமரத்தின் பேரினம் மாஞ்சிஃபெரா. ‘மாங்கா’வைச் சுமப்பது என்று பொருள். நம் மாங்காய் போர்த்துகீசியர் வாய்வழியாக லத்தீனுக்குள் போய்ப் பெண்பால் பெயர்ச்சொல்லாகிவிட்டது. மாம்பூவில் வெள்ளைப் பொடி தூவினாற்போல் வரும் சாம்பல் நோய்க்குக் காரணமான பூஞ்சை ஓய்டியம் மாஞ்சிஃபெரே. கொட்டைக்குள் புகும் வண்டு ஸ்டெர்னோகீட்டஸ் மாஞ்சிஃபெரே. ‘ஆ’ ஈறு ‘ஏ’ ஆனதால் ‘மாமரத்தினுடைய’. மாங்காயில் கரும்புள்ளி விழச் செய்யும் சாந்தோமோனாஸ் பாக்டீரியாவின் உட்பிரிவுக்கு மாஞ்சிஃபெரேஇண்டிகே என்று ஒரு நீளப் பெயர். பார்த்தால் மிரட்டும். பிரித்தால் மாஞ்சிஃபெரா இண்டிகா என்ற இரு சொற்களும் சேர்ந்தே ஆறாம் வேற்றுமை ஏற்றிருக்கின்றன, அவ்வளவுதான். பூச்சிமருந்துக் கடையில் துண்டறிக்கையைப் புரட்டும் வேளாண்மைப் பட்டதாரிக்கு, ‘ஏ’ ஈற்றைக் கண்டதும் இது பயிரின் பெயரல்ல, பயிரைத் தின்கிறதன் பெயர் என்று தெரிந்துவிட வேண்டும்.

இடப்பெயரில் வரும் ‘என்சிஸ்’ விகுதியை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. கொண்டகொத்திமீர என்னும் மலைக்கொத்தமல்லியின் பெயர் பிம்பினெல்லா திருப்பதியென்சிஸ். ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் என்சிஸ், ஒன்றன்பாலுக்கு என்சே. பொருளில் ஏழாம் வேற்றுமை, வடிவில் பண்புச்சொல்.

இனி மறுப்புகள். லத்தீனையே கைவிட்டுவிட்டார்களே, செத்த மொழியின் ஈற்றை எதற்குப் படிப்பது என்பது முதல் மறுப்பு. பாதி உண்மை. 1935 முதல் புதிய தாவரத்துக்கு லத்தீனில் விளக்கம் எழுதுவது கட்டாயமாக இருந்தது. 2011இல் மெல்போர்ன் தாவரவியல் மாநாடு எடுத்த முடிவின்படி 2012 ஜனவரி 1 முதல் ஆங்கிலத்திலும் எழுதலாம். ஆனால் தளர்ந்தது விளக்கத்தின் மொழிதான். பெயர் லத்தீன் இலக்கணப்படியே அமைய வேண்டும். ஈறு பிழையாக வந்தால் பின்வருபவர்கள் திருத்த வேண்டும் என்றே பெயரீட்டு விதித்தொகுப்பு சொல்கிறது. விளக்கத்திலிருந்து லத்தீன் விலகிய பிறகு, ஈறுகளை அறிய வேறு வழி இல்லாததால் இலக்கணத்தின் தேவை கூடியிருக்கிறது என்றே சொல்வேன்.

உள்ளூர்ப் பெயர் போதாதா என்பது இரண்டாவது. சந்தனவேங்கையைப் புகழ்ந்துவிட்டு நானே போதாது என்று சொல்வது முரணாகத் தோன்றலாம். பெயரின் அறிவு குறைந்தது என்று நான் சொல்லவில்லை. எல்லை குறுகியது என்கிறேன். ரக்தசந்தனம் என்ற பெயரில் செம்மரக் கட்டையும் விற்கிறது, ஆனைக்குன்றிமணிக் கட்டையும் சில இடங்களில் விற்கிறது. பின்னதன் பெயர் அடினாந்தெரா பவோனினா. (மறுபடி அதே ‘போன்ற’ விகுதிதான், பேரினம் பெண்பாலாகையால் ‘இனா’. மயில் போன்றதாம்.) மருந்துக்கு அரைப்பவர்க்கு இரண்டும் ஒன்றல்ல, சட்டத்துக்கும் அல்ல. 1995 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பது டெரோகார்பஸ் சாண்டலினஸ் என்னும் லத்தீன் பெயர். துறைமுகத்தில் கட்டையை நிறுத்தி வைக்கிற அதிகாரிக்கு எர்ரசந்தனம் என்பது சான்றாகாது. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991இல் சேர்த்து, 2022ஆம் ஆண்டுத் திருத்தம் வரை இருந்த ஆறாம் அட்டவணையைப் பாருங்கள். அதில் இருந்த தாவரங்கள் ஆறே ஆறு. முதலாவது பெட்டோமேயி, ஆறாம் வேற்றுமை. வாண்டா செருலியா, ‘நீலமான’ என்ற பண்பு, பெண்பால். சாசூரியா லாப்பா இருபெயரொட்டு. நெப்பந்தஸ் காசியானா, காசி மலையைப் பெண்பால் பண்புச்சொல்லாக்கியது. ஒரே அட்டவணை, நான் இதுவரை சொன்ன இலக்கணம் முழுவதற்கும் பயிற்சித்தாள் போல இருந்தது.

மூன்றாவது மறுப்பு கனமானது. காட்டைக் காட்டியவன் யானாதிப் பழங்குடியினன், பெயர் பெட்டோமுக்கு. தம்பகத்தின் பேரினமே கவர்னர் ஜெனரல் ஜான் ஷோரின் பெயரில் இருக்கிறது. ‘பெட்டோமுடைய’ என்று நம் மலைச் செடிக்கு உடைமை உருபு போடுவதை நாம் ஏன் இலக்கணமாகக் கற்க வேண்டும்? இந்த மனக்குறை நியாயமானது. 2024இல் மாட்ரிட் தாவரவியல் மாநாட்டில், ஆப்பிரிக்கரை இழிவுசெய்யும் வசைச்சொல்லிலிருந்து வந்த சிற்றினப் பெயர்களை ஒட்டுமொத்தமாகத் திருத்த வாக்களித்தார்கள். எனவே பெயர்கள் கல்வெட்டு அல்ல. ஆனால் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஆறாம் வேற்றுமை என்றாலே உடைமை என்று நினைப்பது நம் இலக்கணத்தை மறந்ததன் விளைவு. நன்னூலார் தற்கிழமை, பிறிதின்கிழமை என்று கிழமைப் பொருளையே பிரித்துக் காட்டுகிறார். உறவு எத்தனையோ வகை. பெட்டோமேயி என்பது பட்டா அல்ல. இன்னொன்று, குறை பெயர் சூட்டியவர்மேல்தான் இருக்க வேண்டும், உருபின்மேல் அல்ல. பெட்டோமுக்கு இடம் கொடுத்த அதே விதி ஜானகிக்கும் தொல்பல்லிக்கும் திருப்பதிக்கும் இடம் கொடுத்திருக்கிறது. கொண்டசாம்பிராணி என்னும் பாஸ்வெல்லியா ஓவாலிஃபோலியோலாட்டாவை 1961இல் விவரித்தவர்கள் பாலகிருஷ்ணனும் ஹென்றியும். மலைக்கொத்தமல்லியின் பெயரிலும் பாலகிருஷ்ணன் இருக்கிறார், சுப்ரமணியத்தோடு. இலக்கணத்தைக் கற்றவர்களே பெயர் வைக்கும் இடத்துக்கு வருகிறார்கள். வைத்த பெயர் எப்படி நிலைக்கிறது என்பதற்கும் ஒரு சான்று: 1870இல் இம்மலையின் தங்கப்பல்லியை விவரித்த பெட்டோம் அது கிடைத்த இடத்தை ‘வட ஆர்க்காட்டுத் திருப்பதி மலை’ என்று குறித்தார். வட ஆர்க்காட்டிலிருந்து 1911இல் சித்தூர் மாவட்டம் பிரிந்தது. 2022 ஏப்ரலில் சித்தூரிலிருந்து திருப்பதி மாவட்டம் பிரிந்தது. அந்தப் பல்லியின் பேரினப் பெயரும் இடையில் மாற்றப்பட்டது. அவர் வைத்த ‘பொன்னான’ என்ற ஆரியஸ் மட்டும் அப்படியே இருக்கிறது.

மொழியியல் படித்தவர்கள் ஒரு மறுப்பு வைப்பார்கள். தமிழில் எண் தனி, வேற்றுமை தனி: சந்தனங்களின் என்பதில் ‘கள்’ வேறு, ‘இன்’ வேறு. சாண்டலோரம் என்பதை அப்படிப் பிரிக்க முடியாது. கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளைத் தனிக் குடும்பமாக நிறுவியபோது இத்தகைய வேறுபாடுகளும் அவருக்குச் சான்றாயின. சீகன்பால்கு தமிழை லத்தீன் அச்சில் வார்த்தது தவறென்றால், லத்தீனைத் தமிழ் அச்சில் வார்ப்பது எப்படிச் சரி? வடிவத்தை ஒப்பிட்டால் தவறுதான். நான் ஒப்பிடுவது உறவை. ஒரு பெயர் இன்னொரு பெயரோடு பண்பாக நிற்கிறதா, கிழமையாக நிற்கிறதா, இன்னொரு பெயராகவே ஒட்டி நிற்கிறதா என்ற கேள்வி இரண்டு மொழிக்கும் பொது. விடையை ஒட்டுவது ஓரிடத்தில் உருபால், ஓரிடத்தில் உருகிக் கலந்த ஈற்றால்.

கடைசியாக ஆசிரியர்கள் சொல்வது: இன்றைய பிள்ளைக்கு இருபெயரொட்டே மறந்துவிட்டது, அதைக் கொண்டு லத்தீனை எப்படி விளக்குவது? மறந்தது உண்மை. ‘டு, மு, வு, லு’ என்று பிரதமா விபக்தியை ராகம் போட்டுச் சொன்ன தெலுங்குப் பிள்ளையும் பத்தாம் வகுப்போடு அதை மூட்டை கட்டிவிடுகிறது. தேர்வுக்கு வெளியே அதனால் ஒரு வேலையும் நடந்ததில்லை, அதனால் மறந்தது. தாவரவியல் வகுப்பில் அதற்கு ஒரு வேலை கிடைக்கும் என்பதே நான் சொல்வது. ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தின் மாதவ செட்டி இரண்டு துணையாசிரியர்களோடு 2008இல் வெளியிட்ட சித்தூர் மாவட்டப் பூக்கும் தாவரங்கள் பற்றிய நூல் ஆயிரக்கணக்கான மாணவர் கைக்குப் போகக்கூடியது. அதன் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஐந்தாறு பெயருக்கு விரி சொல்லி, வகை சொல்லும் பயிற்சியை ஒரு மணி நேரத்தில் முடிக்கலாம். விதிக்கு அடங்காதவையும் சில உண்டு. அரசமரம் ஃபைகஸ் ரிலிஜியோசா. ஈறு ‘அஸ்’ஆக இருந்தும் பெண்பால், ஏனென்றால் ரோமானியர் மரங்களைப் பெண்பாலாக வழங்கினார்கள். ஆனால் அதே ‘அஸ்’ ஈற்று டெரோகார்பஸ் மரமாயிருந்தும் ஆண்பால், கிரேக்கத்தில் கனி ஆண்பால் என்பதால். டையோஸ்பைரஸ் மரபால் பெண்பால். இப்படி விதிக்கு வெளியே நிற்கும் பேரினங்கள் சேஷாசலத்தில் மிகக் குறைவு. மனப்பாடம் அவற்றுக்கு மட்டும் இருக்கட்டும்.